குட்டைக்கு ஒரு விரால் வேண்டும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., (விலங்கியல்)

எங்கள் துறை ஆய்வகத்தின் மூலை அலமாரியில், ஃபார்மலின் நிரப்பிய கண்ணாடிப் புட்டி ஒன்றில் ஒரு விரால் மீன் இருக்கிறது. முதலாண்டில் அதைப் பார்த்துப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. செவுளுக்கு மேலே அதற்குள்ள மூச்சறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு குளத்தில் அந்த மீன் என்ன வேலை செய்கிறது என்று எழுதத் தெரியாது. வினாத்தாளிலும் அதைக் கேட்கவில்லை. அதை நான் கற்றுக்கொண்ட இடம் எங்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள பத்து சென்ட் குட்டை. அதற்குக் கட்டணமாக என் தந்தையார் ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைப்பைக் கொடுத்தார். நம் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியரில் பலர் என்னைப் போலவே கிணறும் குட்டையும் கண்மாயும் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஆதலால் அக்கதையையும், அதனால் எனக்கு ஏற்பட்ட கருத்தையும் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் ஆத்தூர் வட்டத்தில் உள்ளது. மேற்கே கொடைக்கானலின் கீழ்மலை. அங்கிருந்து இறங்கும் குடகனாற்றைத்தான் காமராசர் நீர்த்தேக்கத்தில் தேக்கித் திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் அனுப்புகிறார்கள். மழை பொய்க்காத ஆண்டில் எங்கள் பக்கத்து வாய்க்காலிலும் தண்ணீர் வரும். பொய்த்தால் கிணற்று மோட்டார்தான் கதி. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா அந்தக் குட்டையை வெட்டினார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். மீன் வளர்ப்புப் பற்றிய துண்டுப் பிரசுரத்தை நான் வாய்விட்டுப் படிக்க, அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் விடலாம் என்று அதில் இருந்தது. கணக்குப் போட்டுப் பத்து சென்டுக்கு 400 என்று சொன்னதும் நானே. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டோம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டோம். ஓராண்டில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவை எட்டும், அந்தப் பணத்தில் என் கல்லூரிப் படிப்புக்கும் தம்பியின் பள்ளிக்கும் வழி பிறக்கும் என்பது வீட்டில் போட்ட திட்டம்.

வாய்க்கால் தண்ணீரோடு வந்ததா, குஞ்சு வாங்கிய பையிலேயே இருந்ததா என்று தெரியாது. ஜிலேபி மீனும் குட்டைக்குள் நுழைந்துவிட்டது.

இந்த ஜிலேபியின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. எங்கும் கிடைப்பதால் இதை நம் ஊர் மீன் என்றே எண்ணிவிடுகிறோம். இது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்கும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஏழே ஆண்டுகளில், 1959 இல், இனி இதைப் பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை விதிக்க நேர்ந்தது. அதற்குள் மீன் தடையைத் தாண்டிப் போய்விட்டது. வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி முதலிய நம் நீர்த்தேக்கங்களில் எல்லாம் அது ஒரு காலத்தில் மற்ற மீன்களை நெருக்கித் தள்ளிப் பெருகிற்று. அணைகளுக்கே அக்கதி என்றால் பத்து சென்ட் எம்மாத்திரம்?

மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும் மீன் இது. ஆண் மீன் கரையோரத்து மண்ணில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் எடுத்து வைத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகும், ஆபத்து வந்தால் அவை தாயின் வாய்க்குள்ளேயே திரும்பி ஓடும். இவ்வளவு பாதுகாப்பாகப் பிறக்கும் பிள்ளைகள் வீணாகாமல் பிழைத்துவிடுகின்றன. ஓர் ஆண்டில் பல ஈடு குஞ்சுகள். முதல் ஈட்டுப் பெண் குஞ்சுகள் தாயாகும்போது பழைய தாய்களும் முட்டையிட்டுக்கொண்டேயிருக்கும். இதைப் படிக்கும்போது வியப்பாக இருக்கும். சொந்தக் குட்டையில் பார்க்கும்போது அழுகை வரும்.

நான் பிளஸ் டூ முடித்த மே மாதம் மீன் வியாபாரி வந்தார். வலையை ஒரு வீச்சு வீசினார். வலை கனத்தது, எங்கள் முகமும் மலர்ந்தது. கரைக்கு இழுத்தால் உள்ளே முழுவதும் விரல் நீள ஜிலேபி. கையில் எடுத்துப் பார்த்தேன். தலை பெரிது, கண் பெரிது, உடல் மட்டும் சூம்பிப் போயிருந்தது. அந்த அளவிலேயே ஒன்றின் வாயில் முட்டைகள் இருந்தன. கெண்டைகள் கால் கிலோவைத் தாண்டவில்லை. எங்கள் பிண்ணாக்கு முழுவதையும் இந்தப் பொடி மீன்கள் தின்றிருக்கின்றன. வியாபாரி வலையை உதறி மடித்து, "இத கோழிக்குத்தாண்ணே போடணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்பத்தாதான் கரையில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏந்தாயி, ஒரு விராலு கூடவா இல்ல? அப்புறம் இந்தப் பொடிசுகள எது திங்கும்?" என்று கேட்டார். படித்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

விரால் ஏன் இல்லை? பிரசுரத்தில் சொன்னபடி நாங்கள் அதை ஒழித்துவிட்டிருந்தோம். பகை மீன்களையும் களை மீன்களையும் அகற்றிய பின்னரே குஞ்சு விட வேண்டும் என்பது மீன் வளர்ப்பின் முதல் பாடம். விரால், குறவை, வாளை, கெளுத்தி ஆகியவை பகை மீன்கள். முதல் மழையில் குட்டைக்குள் ஏறிவந்த நான்கைந்து விராலையும் குறவையையும் அப்பா பிடித்துக் குழம்பு வைக்கக் கொடுத்ததும், நாங்கள் மகிழ்ந்து உண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பாடத்தை நான் தவறென்று சொல்ல வரவில்லை. ஓர் அங்குலக் குஞ்சுகளை வளர்க்கும் நாற்றங்கால் குளத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். அங்கே ஒரு விரால் இருந்தாலும் நாசம். ஆனால், நாற்றங்காலுக்குச் சொன்னதை ஜிலேபி புகுந்த வளர்ப்புக் குட்டைக்கும் அப்படியே சொல்வதுதான் பிழை என்பது என் கருத்து. விராலைப் பார்த்துப் பிடித்துவிடலாம். ஜிலேபியை அப்படி ஒழிக்க முடியாது. ஆகவே பாதி நிறைவேறிய அறிவுரை குட்டையில் வேட்டைக்காரனை மட்டும் கொன்று, இரையைத் தனியாட்சி நடத்த விட்டுவிடுகிறது.

வியாபாரி போன மறுவாரமே எங்களுக்கு வந்த யோசனையும் அதே வழிதான்: இலுப்பைப் பிண்ணாக்குப் போட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இலுப்பைப் பிண்ணாக்கில் உள்ள சபோனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கொல்லும். அளவு 250 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு தண்ணீருக்கு 250 பங்கு. நான்கரை அடி ஆழமுள்ள எங்கள் குட்டைக்கு அது ஏறத்தாழ 140 கிலோ. பிண்ணாக்கின் விலை, அதன் பின் இரண்டு மூன்று வாரம் காத்திருத்தல், புதுக் குஞ்சின் விலை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த மழையில் வாய்க்கால் வழியே ஒரே ஒரு ஜிலேபித் தாய் வாய் நிறையக் குஞ்சோடு வந்தால் போதும், மீண்டும் 140 கிலோ!

அவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்து, நூலகத்தில் மீன்வளம் பற்றிய நூல்களைப் புரட்டியபோது ஹோமர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். அலபாமா மாநிலத்தில் உழவர்களின் சிறு குட்டைகளை ஆண்டுக்கணக்காக வற்றவைத்து, உள்ளே இருந்த மீன்களை இனம் பிரித்து எடை போட்டுப் பார்த்தவர் அவர். 1950 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அங்கே இரை மீன் புளூகில். வேட்டை மீன் அகலவாய் பாஸ். இரை மீன்களின் மொத்த எடையை வேட்டை மீன்களின் எடையால் வகுத்தார். ஈவு 3 முதல் 6 வரை இருந்த குட்டைகளே உழவனுக்கு ஆண்டுதோறும் உண்ணத்தக்க மீனைத் தந்தன. வேட்டை மீன் குறைந்த குட்டைகளில் எங்கள் வீட்டுக் கதைதான்: மீன் உண்டு, பயனில்லை. அலபாமாவில் ஒருவர் எடை போட்டுக் கண்டதும், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பத்தா கரையில் நின்று கேட்டதும் ஒன்றே என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆனால் அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கு இறக்கவும் முடியாது. நெரிசல் மிகுந்தால் புளூகில் இனப்பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். கரையோரம் வலையிழுத்து, இவ்வாண்டுக் குஞ்சு இல்லாமல் நடுத்தர மீனே மிகுந்திருந்தால் அது நெரிசலின் அடையாளம் என்றார் ஸ்விங்கிள். நம் ஜிலேபியோ நெரிசலில் இன்னும் சிறிய உருவத்திலேயே தாயாகி, மேலும் குஞ்சு பொரிக்கும். அது தானாக நிற்காது. ஆகவே நமக்கு வேட்டை மீனின் தேவை அவர்களைக் காட்டிலும் அதிகம்.

அந்த வேட்டை மீனும் நம்மிடமே உண்டு. விரால் ஓடித் துரத்தாது. புல் மறைவில் அசையாமல் கிடந்து, அருகில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். ஜிலேபிக் குஞ்சுகள் மேயும் கரையோரமே அதற்குப் பிடித்த இடம். காற்றை நேரடியாகச் சுவாசிப்பதால் கோடையில் தண்ணீர் கெட்டாலும் சாகாது. அதனாலேயே சந்தையில் உயிரோடு விற்கலாம். விலையும் ஜிலேபியைப் போலப் பல மடங்கு. தெலுங்கானாவில் அதையே மாநில மீனாக அறிவித்திருக்கிறார்கள். நாம் அதைப் பகை மீன் பட்டியலில் முதலில் எழுதுகிறோம்.

இனி எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஸ்விங்கிளைப் படித்த உற்சாகத்தில், அந்த ஐப்பசியில் கண்மாய்க்காரரிடம் முக்கால் கிலோ எடையுள்ள விரால் ஆறு வாங்கி விட்டோம். அதே வாரம், ஆசை யாரை விட்டது, இரண்டு அங்குலக் கட்லாக் குஞ்சு 200 விட்டோம். விராலுக்கு ஜிலேபிதான் பிடிக்கும் என்று எவர் சொன்னார்? ஜிலேபிக்கு முதுகில் முள் உண்டு. கட்லாக் குஞ்சுக்கு ஒன்றுமில்லை. கார்த்திகை முடியும்போது வலையில் ஒரு கட்லாக் குஞ்சும் சிக்கவில்லை. "நீ படிச்சது போதும்" என்று அப்பா சொன்னார். கோபத்தில் சொன்னதுதான் என்றாலும், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் படிப்பு தவறினால் அதை என் ஒருத்தியின் தவறாக மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்துக் கணக்கு எழுதிவிடுவார்கள்.

நூலை மறுபடி எடுத்தேன். அளவுதான் விஷயம் என்று அப்போது விளங்கிற்று. விராலின் வாய்க்குள் நுழைவது எல்லாம் அதற்கு இரை. நுழையாதது எதுவும் இரை அன்று. ஆகவே கெண்டை உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த பிறகே விரால் உள்ள குட்டைக்குள் போக வேண்டும். அதே விதியால், வளர்ந்துவிட்ட ஜிலேபியை விரால் தொடாது. அது வாயில் குஞ்சை வைத்துக்கொண்டு விராலின் கண் முன்னாலேயே உலவும். அதைப் பிடிப்பது நம் வேலை. குஞ்சை விரால் பார்த்துக்கொள்ள, தாயை வீச்சு வலையால் நாம் குறைக்க வேண்டும். விராலை மட்டும் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பாதி வேலைதான் நடக்கும். எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் ஜிலேபிக் குழம்பானது இப்படித்தான். கரையோரத்தில் புதிதாகக் குழி பறித்திருக்கிறதா என்று பார்ப்பது என் தம்பியின் பொறுப்பு. குழி கூடினால் அந்த வாரம் வலை கூடுதலாக விழும்.

தை மாதம் உள்ளங்கை அளவுக் கெண்டை 60 மட்டும் விட்டோம். சாண் நீள விரால் பதினைந்தும் சேர்த்தோம். ஒரு மழை இரவில் இரண்டு கரையேறிப் போய்விட்டன. பக்கத்துத் தோட்டத்து வரப்பில் ஒன்றைக் கண்டெடுத்தோம். அதன் பிறகு கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை கட்டினோம்.

சென்ற மே மாதம் குட்டை முழங்கால் தண்ணீருக்கு இறங்கியபோது, எல்லா மீனையும் வாரி, தராசில் நிறுத்தோம். கெண்டையும் ஜிலேபியும் சேர்ந்து 88 கிலோ. விரால் 11 கிலோ. ஈவு 8. ஸ்விங்கிள் சொன்ன 6 ஐத் தாண்டிவிட்டது என்று முதலில் சோர்ந்தேன். பிறகு, விரால் விழுங்கக்கூடிய சிறு மீன்களை மட்டும் தனியே நிறுத்தேன்: 30 கிலோ. அந்த ஈவு 3க்குள் வந்தது; அதற்கு அவர் சொல்லும் நல்ல அளவு 1 முதல் 3 வரை. சேற்றில் புதைந்து தராசுக்கு வராத விரால்களும் உண்டு. அடுத்த மழையில் அவை வெளியே வந்தன. ஜிலேபியில் பாதிக்கு மேல் உள்ளங்கை அளவு இருந்தது. பழைய வியாபாரியே வந்து எடுத்துக்கொண்டார். தம்பியின் பள்ளிக் கட்டணம் போக மீதியில் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டினார். பெரிய இலாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இலுப்பைப் பிண்ணாக்கு வாங்கவில்லை.

இக்கருத்தை விடுதித் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, ஓர் உயிரை இன்னோர் உயிருக்குத் தின்னக் கொடுத்து இலாபம் பார்ப்பது கொடுமை என்றாள். அவள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேட்டை மீன் இல்லாத குட்டையில் நான் கையில் எடுத்துப் பார்த்த அந்தச் சூம்பிய உடல்களை அவள் பார்த்ததில்லை. ஆயிரம் மீன் அரைவயிற்றோடு ஆண்டுக்கணக்கில் கிடப்பதை இரக்கம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

வேறொருவர், இக்காலத்தில் கிஃப்ட் ஜிலேபி இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்டார். 1988 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கிய ஆய்வில் உருவான, விரைந்து வளரும் இனம் அது. நம் மாநிலத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தினர் அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறார்கள். ஆண் மீன் மட்டும் விட்டால் நெரிசல் வராது என்பது உண்மை. வசதி உள்ளவர்கள் செய்யலாம். ஆனால் எங்கள் குட்டைக்கு வருவது மண்டபத்து வழி வந்த பழைய ஜிலேபி. அது உரிமம் கேட்டு வருவதில்லை. மூன்றாவது ஒருவர் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடச் சொன்னார். இந்திய அரசு தடை செய்த மீன் அது என்பதை அறியாமல் சொன்னாரோ, அறிந்தே சொன்னாரோ! எங்கள் குட்டைக் கரை உடைந்தால் தண்ணீர் குடகனாற்றுக்குப் போகும், குடகனாறு அமராவதியில் சேரும், அமராவதி காவிரியில். 1952 இல் நல்லெண்ணத்தோடு செய்ததை நாம் அறிந்தே மறுபடியும் செய்யலாமா?

எனக்குள்ள பெரிய மனக்குறை குட்டையைப் பற்றியது கூட அன்று, கண்மாய்களைப் பற்றியது. மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு நீர்மட்டத்துக்கு வருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அடியிலே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் குஞ்சுப் பந்தைக் குறிவைத்துத் தவளை கோத்த தூண்டிலைப் போட்டால், காவல் மீன் தவறாமல் பாயும். வேட்டையாடுவதற்காக அது பாய்வதில்லை, பிள்ளையைக் காக்கப் பாய்கிறது. அதை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறோம். சில நாளில் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. நத்தம், சாணார்பட்டிப் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே திரண்டு மீன்பிடித் திருவிழா நடத்துவதை நான் குறை கூறவில்லை. அது ஊர் ஒற்றுமைக்கு அழகு; நானும் சேற்றில் இறங்கியவள்தான். குஞ்சோடு நிற்கும் விராலை ஐப்பசி, கார்த்திகையில் தொடாமல் விட்டால் மறு ஆண்டு அந்தத் திருவிழாவில் பானைக்குள் விழும் மீனே வேறாக இருக்கும். குத்தகைக்கு விடும்போதே ஊர்க்கூட்டத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க முடியாதா?

நம் விலங்கியல் துறைப் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சூழ்நிலையியல் பாடத்தில் இரை, வேட்டை விலங்கு உறவைப் புலியும் மானும் வைத்துப் படிக்கிறோம். இரண்டையும் திண்டுக்கல் சமவெளியில் எவரும் காண முடியாது. செயல்முறை வகுப்பில் ஒரு நாள், ஒரு கரைவலையும் ஒரு தராசும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மாணவர் வீட்டுக் குட்டைக்குப் போகலாம். இனம் பிரித்து, அளவு பிரித்து, எடை போட்டு, மூன்று ஆண்டு எண்களைத் துறையில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அலபாமாவின் 3 முதல் 6 வரை என்பது நம் விராலுக்கும் ஜிலேபிக்கும் எத்தனை என்று நாமே சொல்லிவிடலாம். எங்கள் குட்டையில் வரும் மே மாதம் மீண்டும் எடை போடுகிறோம். அப்பா சம்மதித்துவிட்டார். வருகிறவர்களுக்குச் சேறு படும். ஜிலேபிக் குழம்பும் உண்டு.